ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்

குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வில் காலையில் ஒரு தாள், பிற்பகலில் ஒரு தாள். பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்கும் இரண்டாவது தாளைத்தான் பிள்ளைகள் 'சிசாட்' என்கிறார்கள். 80 கேள்விகள், 200 மதிப்பெண், 120 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் விழுகிறது. கால்குலேட்டர் கிடையாது. சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம். 66 எடுத்துவிட்டால் போதும். அதற்கு மேல் எடுப்பதால் தரவரிசையில் ஒரு படிகூட ஏற முடியாது. 66-க்குக் கீழே போனால் காலைத் தாளை எவ்வளவு பிரமாதமாக எழுதியிருந்தாலும் அந்த வருடம் அத்துடன் முடிந்தது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மந்தைவெளியில் என் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தாளைச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள்தான் வருவார்கள். திருவண்ணாமலை, பெரம்பலூர், தேனி என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர். தமிழ்வழியில் படித்தவர்கள் நிறைய. "தெரியுது டீச்சர், ஆனா டைம் பத்தல" என்று சொல்லாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த 'டைம் பத்தல' நேற்று முளைத்த குறை இல்லை. இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி இந்தத் தெருக்களிலேயே நடந்தது.

அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு என்ற ஏற்பாடு மெக்காலே குழு 1854-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது. முதல் தேர்வு 1855-இல் லண்டனில் நடந்தது. 1922 வரைக்கும் லண்டனில் மட்டுமே நடந்தது. சென்னையில் ஒரு பையன் ஐ.சி.எஸ். எழுத வேண்டுமென்றால் முதலில் கப்பல் ஏற வேண்டும். அங்கே போய் லத்தீனும் கிரேக்கமும் படித்த ஆங்கிலேயப் பையன்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த மொழிகளுக்கு ஒதுக்கிய மதிப்பெண் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் கிடையாது. போதாததற்கு, 21 ஆக இருந்த வயது வரம்பை 1878-இலிருந்து 19 ஆக்கினார்கள். பத்தொன்பது வயதுக்குள் அன்னிய மொழியில், அன்னிய நாட்டில், அன்னியர்களின் பாடத்தில் ஜெயிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஆளை வெளியே நிறுத்துவதற்கு இதைவிட வசதியான வழி இல்லை. அறிவைச் சோதிப்பதாகத்தான் சொன்னார்கள். நடைமுறையில் தூரமும் வயதும் ஆளை வடிகட்டின.

இதற்கு எதிரான குரல் பலமாக எழுந்த இடங்களில் எங்கள் மயிலாப்பூரும் ஒன்று. 1884 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் மாநாடு முடிந்த பிறகு, பல ஊர்களிலிருந்து வந்திருந்த 17 பேர் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசினார்கள் என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். காங்கிரஸ் என்ற அமைப்புக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது அவர் கட்சி. சரித்திரக்காரர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த வருடம் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானங்களில் ஐ.சி.எஸ். தேர்வு பற்றியதும் ஒன்று என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், வயது வரம்பை 23 ஆக உயர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். விடுதலைப் போராட்டத்தின் முதல் கோரிக்கைகளில் ஒரு பரீட்சைக்கும் இடம் இருந்தது என்பதை என் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முதுகு கொஞ்சம் நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

1893-இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை இந்தியாவிலும் தேர்வு நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. இந்திய அரசு மாகாணங்களிடம் கருத்துக் கேட்டது. மற்ற மாகாண அரசுகள் எதிர்த்தன. சென்னை மாகாண அரசு மட்டும் ஆதரித்தது. தீர்மானம் குப்பைக்குப் போனாலும் அந்த ஒரு வரி எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிறகு 1922-இல் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. கடல் கடக்கும் தொல்லை தீர்ந்தது. ஆனால் மேஜை முன்னால் உட்கார யாருக்கு வாய்ப்பு இருந்தது என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்து மயிலாப்பூரில் படிப்புக்குக் குறைவில்லை. வக்கீல் வீடுகள், லஸ் சர்ச் ரோட்டில் 1904-இல் தொடங்கிய ரானடே நூலகம், வீட்டுக்கு வீடு ஆங்கிலப் பத்திரிகை என்று எல்லாம் இருந்தன. அது சில சாதிகளின் வீடுகளுக்குள் மட்டும் புழங்கிய படிப்பு. இதை மறைத்து மயிலாப்பூரின் கல்விப் பெருமையை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வட்டத்தை உடைத்த வேலை நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கியது. 1921-இல் முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 1929-இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு தேர்வாணையம் வந்தது. இந்திய மாகாணங்களிலேயே அதுதான் முதல் தேர்வாணையம். இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. தி.நகருக்குப் பெயர் கொடுத்த தியாகராயர் நீதிக்கட்சியின் தலைவர், நடுவிலே இருக்கும் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் பனகல் அரசர். அந்தப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து குரூப் தேர்வுக்குக் குறிப்பு எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பெயர் பொருந்தித்தான் இருக்கிறது என்று தோன்றும்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்த அன்னா ராஜம் 1951-ஆம் வருடத் தொகுதியில் ஐ.ஏ.எஸ். ஆனார். நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள், பெண்ணுக்குப் பொருத்தமானது என்று சொல்லி வெளியுறவுப் பணியையோ மத்தியப் பணிகளையோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் அசையவில்லை, சென்னை மாநிலத்தைத்தான் கேட்டு வாங்கினார், ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். நாங்களெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் படித்தோம்.

இனி கணக்குக்கு வருகிறேன்.

என் தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவில் கிராமக் கர்ணம். அவருக்கு எந்தத் தேர்வும் வைக்கவில்லை. அவர் அப்பா கர்ணம், அதனால் இவரும் கர்ணம். ஆனால் அந்த மனிதர் தலைக்குள் இருந்த கணக்கு இன்றைக்கு எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லிக்கொடுக்காத கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்து வளர்ந்தவர். முழு எண்களுக்கு வாய்ப்பாடு இருந்ததுபோல பின்னங்களுக்கும் இருந்தது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. வயலை அளந்து தீர்வை போட வேண்டியவனுக்குக் காகிதம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. குடியானவன் எதிரே நிற்கும்போதே விடை வாயில் வர வேண்டும். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' மாதிரி நூல்களில் பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் கணக்கெல்லாம் உண்டு. வேகமும் புதிரும் நமக்குப் புதியவை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இதை வகுப்பில் அப்படியே பயன்படுத்துகிறேன். வீசம் விழுக்காட்டில் ஆறேகால். மா 5 விழுக்காடு, மும்மா 15, அரைக்கால் பன்னிரண்டரை, காணி ஒன்றேகால். 640-இல் ஆறேகால் விழுக்காடு எவ்வளவு என்று கேட்டால், பெருக்கி நூறால் வகுக்கிற பிள்ளைக்கு முக்கால் நிமிடம் ஆகிறது. வீசம் தெரிந்த பிள்ளை பதினாறால் வகுத்து 40 என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. விழுக்காடு, வட்டி, லாப நட்டம், தரவு அட்டவணை எல்லாவற்றுக்கும் பின்னம்தான் சாவி.

தாத்தாவின் கணக்கைப் புகழ்கிறேன் என்பதற்காக அவர் பதவி வந்த வழியைப் புகழ மாட்டேன். ஊரில் அவரைவிடக் கணக்குத் தெரிந்த உழவன் இருந்திருக்கலாம். அவன் பிள்ளை கர்ணம் ஆகியிருக்க முடியாது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-இல் சட்டம் நிலைத்தது. எங்கள் வீட்டில் சிலருக்கு அது இழவு விழுந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே அது நியாயமாகப் பட்டது. இன்று கிராம நிர்வாக அலுவலர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வருகிறார். அந்தத் தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அதில் 25 கேள்விகள் 'திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்' என்ற பகுதியிலிருந்து. மீ.பொ.வ., மீ.சி.ம., தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், பகடை, எண் வரிசை என்று தாத்தா பார்த்தால் புன்னகை செய்யக்கூடிய பாடத்திட்டம். கேள்விகள் தமிழில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டில்லி நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை என்ற படி வந்தது கோத்தாரி குழுவின் பரிந்துரையால், 1979-இல். அதே சீர்திருத்தம்தான் முதன்மைத் தேர்வை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதலாம் என்று திறந்துவிட்டது. தினமணியில் உதவியாசிரியராக இருந்த ஆர். பாலகிருஷ்ணன் 1984-இல் முழுக்கத் தமிழில் எழுதி ஐ.ஏ.எஸ். ஆனார், அப்படித் தேறிய முதல் ஆள் அவர். பிற்பாடு சிந்துவெளி ஆய்வுக்கு வந்து, தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தோடு சேர்ந்து வேலை செய்தவரும் அவர்தான்.

நானும் அந்தப் பத்தாண்டில் முதல்நிலை எழுதியவள். கணிதத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். பொது அறிவுத் தாளில் 150 கேள்விகள், 150 மதிப்பெண். விருப்பப் பாடத்தில் 120 கேள்விகள், 300 மதிப்பெண். இரண்டுக்கும் இரண்டிரண்டு மணி நேரம். மனத்திறன் கேள்விகள் பொது அறிவுத் தாளுக்குள்ளேயே கொஞ்சம் கலந்து வரும். தவறான விடைக்குப் பிடித்தம் கிடையாது. அது 2007-இல்தான் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 கேள்விக்கு 120 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 48 விநாடி. இன்றைக்குக் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் யாரும் நேரம் போதவில்லை என்று அழுததாக நினைவில்லை. காரணம் எளிது. 'இந்த நதி எங்கே உற்பத்தியாகிறது' என்ற கேள்வியைப் படிக்க ஐந்து விநாடி. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் தெரியாது. அந்தத் தேர்வு நாம் வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததைக் கேட்டது. இன்றைய தாள் அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் படி, புரிந்துகொள், கணக்கிடு, முடிவெடு என்கிறது. நிமிடம் கூடியது, நெருக்கடி அதைவிடக் கூடியது.

அந்த நாளைய தயாரிப்பில் தபால்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. தி.நகர் மாசிலாமணி தெருவில் 1970-இல் தொடங்கிய பிரில்லியண்ட் டுட்டோரியல்ஸ் அஞ்சல்வழிப் பாடங்களுக்கு நாடு முழுக்கப் பேர் பெற்றிருந்தது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத்தான் அதிகம் பேசப்பட்டது என்றாலும், ஐ.ஏ.எஸ். பாடக்குறிப்புகளும் அந்தத் தெருவிலிருந்து போயின. கோச்சிங் என்றால் டில்லி என்று ஆகாத காலத்தில், வடக்கே எங்கோ ஒரு சிற்றூர்ப் பையன் தி.நகர் முகவரி எழுதிய உறைக்காகக் காத்திருந்தான் என்பது இப்போது பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டைப் பிரித்து அண்ணனும் நானும் பங்கு போட்டுப் படித்தோம். 'காம்பெடிஷன் சக்ஸஸ் ரெவ்யூ' ஒருத்தர் வாங்கினால் தெருவே படிக்கும். மனோரமா இயர்புக்கின் போன வருடத்துப் பிரதி லஸ் முனையில் ஆழ்வார் நடைபாதைக் கடையில் கிடைக்கும். பேரம் பேசக் கூச்சப்பட்டால் நஷ்டம். ரானடே நூலகத்தில் காலைப் பத்திரிகைக்கு வரிசை. எந்த நூலகத்திலும் எவரும் கடிகாரம் வைத்துக்கொண்டு படித்து நான் பார்த்ததில்லை.

முதல்நிலை தேறினேன், முதன்மை தேறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்தேன், இந்த வேலையை வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

2011 ஜூன் 12-ஆம் தேதி முதல்நிலையிலிருந்து விருப்பப் பாடம் போய், திறனறித் தாள் வந்தது. வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. இருபத்து மூன்று விருப்பப் பாடங்களில் வெவ்வேறு தாள் எழுதியவர்களை ஒரே தராசில் நிறுத்துவது கஷ்டம். நிர்வாகிக்கு வேண்டியது பட்டப்படிப்புப் பாட அறிவைவிட யோசிக்கும் திறன்தான் என்ற வாதத்தையும் தள்ள முடியாது. பத்தாம் வகுப்பு அளவுக் கணக்கு, தர்க்கம், தரவு விளக்கம், பத்தியைப் படித்துப் பொருள் கொள்வது, முடிவெடுக்கும் திறன் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. முடிவெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும் அப்போது பிடித்தம் இல்லை. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

முதல் நான்கு வருடம் இந்தத் தாளின் 200 மதிப்பெண்ணும் தரவரிசையில் சேர்ந்தது. பொறியியல் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கத் தெரிந்து, வேலைவாய்ப்பு நிறுவனங்களின் ஆப்டிட்யூட் தேர்வுகளில் கை பழகியவர்களுக்கு இது தாய்வீடு. கிராமத்துக் கல்லூரியில் தமிழிலோ இந்தியிலோ வரலாறு படித்தவர்களுக்கு அன்னிய வீடு. 2014-இல் டில்லி முகர்ஜி நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆகஸ்டில் ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கப்படும் சில கேள்விகளின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அரசு அறிவித்தது. இந்திவழிப் பிள்ளைகளுக்கு அது நிவாரணம். மீதிப் பத்திகள் அவர்களுக்கு இந்தியிலும் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு எல்லாப் பத்தியும் ஆங்கிலம்தான், அதனால் நம் பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் ஆனது மிகச் சொற்பம். 2015-இல் தாள் வெறும் தகுதித் தாளாயிற்று, 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்று. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

பெருமூச்சு நீடிக்கவில்லை. 2023 மே 28-ஆம் தேதித் தாள் பலரைச் சாய்த்துவிட்டது. எண்ணியல், மீதி காணும் கணக்கு, வரிசை மாற்றம், தரவு போதுமா என்ற வகைக் கேள்விகள். பத்தாம் வகுப்பு அளவு என்று சொல்லிவிட்டு அதற்கு மேலே போய்விட்டார்கள் என்று முறையிட்டு, தகுதி மதிப்பெண்ணை 23 விழுக்காடாகக் குறைக்கச் சொல்லி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்களும் உண்டு. அந்தத் தாளை நானும் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். கேள்விகள் அழகானவை, கணக்கு டீச்சர் என்ற முறையில் சிலவற்றை ரசித்தேன். ஒன்றரை நிமிடத்தில் அவற்றைக் கேட்பது அழகில்லை.

தகுதி மட்டும்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 27 கேள்வியை மட்டும் தொட்டு அத்தனையும் சரியாகப் போட்டவருக்கு 67.5, தேறிவிட்டார். 45 கேள்வியைத் தொட்டு, 31 சரி, 14 தப்பு என்றால் 77.5-இலிருந்து 11.67 போய் 65.83, தோற்றுவிட்டார். நான்கு கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டவர் வீட்டுக்குப் போகிறார். அவசரத்தின் விலை இதுதான். அதனால் முதல் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுப்பது விடுவதற்கு. தாளை ஒரு முறை முழுக்கப் புரட்டு, கண்டதும் வழி தெரிகிற கேள்வியை மட்டும் போடு, இருபது விநாடியில் வழி தெரியாவிட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர், இரண்டாம் சுற்றில் திரும்பி வா. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். பள்ளியில் எந்தக் கணக்கையும் பாதியில் விடாதே என்று நாங்களே சொல்லி வளர்த்திருக்கிறோம். ஏழின் 2023-ஆம் அடுக்கில் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டால் பயந்து ஓட வேண்டாம். ஏழின் அடுக்குகள் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகத் திரும்பும், 2023-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3, எனவே விடை 3. இது கையில் இருந்தால் பத்து விநாடி, இல்லாவிட்டால் தொடாதே.

இப்படிப் பழக இடம் வேண்டும். வசதி உள்ள பிள்ளைகள் அண்ணா நகர் மையங்களுக்குப் போகிறார்கள். இல்லாத பிள்ளைகளுக்குத் தென்சென்னை இடம் கொடுத்திருக்கிறது என்பது என் பார்வை. கிரீன்வேஸ் சாலையில், இப்போதைய பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில், 'காஞ்சி' கட்டடத்தில் தமிழக அரசின் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. 1960-களில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிற்பாடு எல்லோருக்கும் திறந்தது. நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு அங்கேயே தங்கிப் படிக்க 225 இடங்கள், பகுதி நேரத்துக்கு 100. சி.ஐ.டி. நகரில் சைதை துரைசாமியின் மனிதநேய மையம் கட்டணம் வாங்காமல் நடத்துகிறது. 2023-இலிருந்து 'நான் முதல்வன்' திட்டத்தில் வருடம் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். முதல்நிலை தேறினால் 25,000. மேன்ஷன் வாடகைக்கும் மெஸ் பில்லுக்கும் அந்தப் பணம் என்னவாக இருக்கிறது என்பதை அதை வாங்குகிற பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே கோட்டூர்புரம். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது, சிசாட் வருவதற்குச் சில மாதம் முன்னால். அடுத்த வருடமே அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் பிழைத்தது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். பறக்கும் ரயிலில் வந்து இறங்கி, கதவு திறக்கும் முன்பே நிற்கிறார்கள். மேஜைக்கு மேஜை பழைய கேள்வித்தாள், பக்கத்தில் அலைபேசியில் ஓடும் இரண்டு மணி நேரக் கணக்கு. குளிர்சாதனமும் நாற்காலியும் கழிப்பறையும் இலவசமாகக் கிடைப்பது தேர்வுக்குத் தயாராகும் பெண் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மேன்ஷனில் அறை கிடைக்காத பெண்கள் சொல்வார்கள். அரசு கட்டிய கட்டடங்களில் எனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

இத்தனையும் இருந்தும் பத்திகளில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். 80 கேள்வியில் மூன்றில் ஒரு பங்குக்கு அக்கம்பக்கம் பத்தியைப் படித்து விடை சொல்வது. ஒருமுறை ஒரு பத்தியை ஆங்கிலத்தில் ஒரு வாரமும், அதே கடினத்தில் இன்னொரு பத்தியைத் தமிழில் அடுத்த வாரமும் கொடுத்துப் பார்த்தேன். தமிழில் எல்லோருமே முன்னதாகப் பேனாவை வைத்தார்கள். தவறும் குறைந்தது. அவர்களுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொள்ளும் அந்த விநாடிகளுக்குத்தான் மதிப்பெண் போகிறது. சொந்த மொழியில் வினாத்தாள் கிடைக்கும் போட்டியாளர் அந்த விநாடிகளைச் செலவழிப்பதில்லை. கடல் கடக்கச் சொன்ன காலத்தோடு இதை ஒப்பிடுவது மிகை என்பார்கள். தடை சிறுத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வடிகட்டுவது இன்னும் அதே இடத்தில் நிற்பவர்களைத்தான்.

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்வில் தமிழில் பேசலாம். அந்த இரண்டு வாசலுக்கும் போகும் முன் உள்ள வாசலில் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். நீட் தேர்வுக்கு 2017-இலிருந்தே தமிழ் வினாத்தாள் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்துவதாக 2023-இல் அறிவித்து, 2024-இல் நடத்தியும் காட்டினார்கள். காவலருக்கு முடிந்தது கலெக்டருக்கு ஏன் முடியவில்லை?

மொழிபெயர்ப்பில் பிழை வரும் என்று பதில் சொல்வார்கள். வரும். 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால் அவசரக் கோலம் வேண்டாம். ஆங்கிலத்தையும் தமிழையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடட்டும். கணக்கும் தர்க்கமும் தமிழில் நாற்பது வருடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லட்டும். அப்படிப்பட்டவர்கள் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் மட்டுமே ஏராளம். ஒரு நிமிடம்கூட அதிகம் கேட்கவில்லை. ரகசியம் காக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து பார்த்துத் தர நான் தயார்.